இரண்டு எழுத்து: பஞ்சமி நிலம் மனைப்பிரிவான கதை

1

எங்கள் ஊரிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகிற சாலையில் ஒரு சிமென்ட் வளைவு நிற்கிறது. இரண்டு பக்கமும் யானைத் தலை, மேலே ஒரு 'நகர்' பெயர். உள்ளே மண் சாலைகள், மஞ்சள் பெயின்ட் அடித்த கல்கள், நடுநடுவே வீடுகள், பாதிக்கு மேல் காலி மனைகள். எங்கள் சேரியில் அந்த நகர்ப் பெயரை யாரும் சொல்வதில்லை. 'சாமமேடு' என்றுதான் சொல்கிறோம். சாமை விளைந்த மேடு. பஸ் நிறுத்தத்தில் இறங்குகிற கிழவிகள் இன்றைக்கும் "சாமமேட்டாண்ட நிறுத்துப்பா" என்றுதான் நடத்துநரிடம் சொல்கிறார்கள்.

ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மனு இன்னும் அலுவலகத்தில் கிடக்கிறது. மனு போட்டவர்களின் பிள்ளைகள் அதே ஊரில் கூலிக்குப் போகிறார்கள். பெயர் இல்லாததால் நட்டமும் இல்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், அதாவது இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளில், இந்தக் கதையைத் தன் கதை என்று சொல்லக்கூடிய சேரிகள் பல இருக்கின்றன.

"அது டி.சி. நெலம்டா. நம்மளுது" என்பாள் ஆயா. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் அந்த இரண்டு எழுத்து மட்டும்தான். நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் கேட்டாள்: "இன்னா நைனா அம்மாம் பெரிய பொஸ்தகமா படிச்சிகினு கீற? அதுல சாமமேட்டப் பத்தி எதனா போட்டுக்கீதா?" போட்டிருக்கவில்லை. ஐந்திணையில் நிலம் இருந்தது. அந்த நிலத்துக்குப் பட்டா யார் பெயரில் என்கிற கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. டி.சி. என்றால் 'டிப்பிரஸ்டு கிளாஸ்', தாழ்த்தப்பட்ட வகுப்பு என்பதை நான் வகுப்பறைக்கு வெளியே, அம்பேத்கர் மன்றத்துத் தோழர்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அந்த இரண்டு எழுத்து பதிவேட்டில் எப்படி ஏறியது, எப்படி இறங்கியது, இறங்கிய இடத்தில் எப்படி ஒரு நகர் எழுந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

2

இன்றைக்கு மனை வியாபாரம் செய்கிறவர்கள் 'கிளியர் டைட்டில்' என்று ஒரு சொல்லை விளம்பரத்தில் போடுகிறார்கள். செங்கல்பட்டு மண்ணில் கிளியரான டைட்டில் எது என்று கேட்டால் பதில் மிராசில் போய் நிற்கும்.

மிராசு என்பது அரபுச் சொல். பரம்பரைச் சொத்து என்று பொருள். தமிழில் காணியாட்சி. கம்பெனி ஆட்சிக்கு வரி வசூலிக்க ஆள் வேண்டும். நிலம் யாருடையது என்று வெள்ளைக்காரன் கேட்டான். கிராமத்தில் யார் பேசத் தெரிந்தவர்களோ, யாரிடம் ஓலை இருந்ததோ, அவர்கள் பதில் சொன்னார்கள். வேளாளரும் பிராமணரும் தங்களை ஆதிகாலக் காணியாளர் என்றார்கள். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்று நாம் பாடத்தில் படிக்கிற எல்லிஸ் துரைதான் மிராசு உரிமையைத் தொன்மையான சொத்துரிமையாக விளக்கி எழுதியவர். 1818இல் அது அச்சானது. அந்த நிலத்தில் சேற்றில் இறங்கிய படியாளிடம் ஓலையும் இல்லை, அவனை உட்காரவைத்துக் கேட்டவரும் இல்லை.

மிராசு உரிமை விளைகிற வயலோடு நின்றுவிடவில்லை. கிராமத்துத் தரிசிலும் மிராசுதாருக்கே முதல் உரிமை. யாராவது தரிசைக் கேட்டுத் தர்க்காஸ்து மனு கொடுத்தால், எனக்கு வேண்டும் என்று மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் உழ வேண்டியதுகூட இல்லை, அடுத்தவனுக்குப் போகாமல் தடுத்தால் போதும். மிராசுதார் அல்லாத ஒருவனுக்கு நிலம் கிடைத்தாலும் மிராசுதாருக்கு ஒரு கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்தின் பெயர் என்ன தெரியுமா? சுதந்திரம். ஆமாம், ஆகஸ்ட் 15இல் கொடியேற்றுகிறோமே, அதே சொல். வருவாய்த்துறைக் காகிதத்தில் சுதந்திரம் என்பது மிராசுதாருக்குச் சேரவேண்டிய பங்கு.

சேரியில் குடிசை நின்ற மண்ணும் மிராசுதாருடையது என்றே வழக்கம். கூலி கூடக் கேட்டால், வேறு ஆண்டையிடம் வேலைக்குப் போனால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லலாம். 1843இல் சட்டப்படி அடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிற்க இடம் இல்லாதவனைக் கட்டிவைக்க அடிமைச் சட்டம் எதற்கு? நிலச் சட்டமே போதுமானதாக இருந்தது. சொத்துரிமை என்பது ஒருவனிடம் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியது என்று சட்டக் கல்லூரியில் சொல்லித் தருவார்கள். எங்கள் அனுபவத்தில் அது, யாரிடம் எதுவும் சேர்ந்துவிடக்கூடாது என்பதைப் பற்றியது.

3

1891இல் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் இந்த நிலைமையை அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார். பறையர்களின் வறுமைக்குக் காரணம் அவர்களுடைய குணமோ குடியோ அல்ல, நிலம் அவர்கள் கைக்குப் போகாதபடி அமைக்கப்பட்ட ஏற்பாடு என்பதை அந்த அறிக்கை ஆதாரத்தோடு வைத்தது. வீட்டு மனைக்கும் தரிசு நிலத்துக்கும் வழிசெய்யச் சொன்னது. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்கள் அதற்கு முன்னும் பின்னும் இதே கோரிக்கைக்காக எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் மனு எழுதச் சொல்லிப் போனவர்கள், தர்க்காஸ்து போட்டு அடி வாங்கியவர்கள் எங்கள் பாட்டன்மார். அவர்கள் பெயர் அறிக்கைகளில் இல்லை.

வெள்ளை அதிகாரிகள் எல்லோரும் டிரெமென்ஹீர் அல்ல. வருவாய் வாரியம் தயங்கியது, மறுத்தது, மிராசுதாரைக் கலைக்க வேண்டாம் என்றது. வரி கட்டுகிறவன் மிராசுதார். காலனிய அரசும் காணியாளரும் கைகோத்து நின்றதை ரூபா விஸ்வநாத் 2014இல் வெளிவந்த ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆகவே வெள்ளைக்காரன் தானம் கொடுத்தான் என்று நாம் கும்பிட வேண்டியதில்லை. நெருக்கடிகளுக்கு நடுவே ஒரு சிறு கதவு திறந்தது, அவ்வளவே.

1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010, 1010-ஏ என்ற எண்களில் அரசாணைகள் வந்தன. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கென்று நிலம் ஒதுக்கி ஒப்படைக்கும் முறைக்கு அதுவே அடிப்படை. அந்த ஒப்படைப்பின் நிபந்தனை பின்னால் வருவாய் வாரிய நிலையாணை 15இல் இடம்பெற்றது. நிபந்தனை இதுதான்: முதல் 10 ஆண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ தானமாகக் கொடுக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. 10 ஆண்டுக்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒப்படைக்கப்பட்டது என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு.

கொடுத்தது என்ன நிலம்? நஞ்சை அல்ல. மேடு, பாறை, கரம்பு, முள்காடு. மிராசுதார் வேண்டாம் என்று விட்ட மிச்சம். அதைத்தான் எங்கள் சனங்கள் கல் பொறுக்கி, முள் வெட்டி, ஏரி வண்டலைக் கூடையில் சுமந்து கொட்டி நிலமாக்கினார்கள். என் கொள்ளுத் தாத்தாவுக்குக் கிடைத்தது 2 ஏக்கர் 40 செண்ட். அதில் முதலில் விளைந்தது சாமை. அதற்குப் பிறகு கேழ்வரகு, வேர்க்கடலை. ஊர்ப் பதிவேட்டில், கடைசிக் கலமான குறிப்புக் கலத்தில், அந்தச் சர்வே எண்ணுக்கு நேராக இரண்டு எழுத்து ஏறியது: டி.சி.

4

எழுத்து இறங்கிய கதைக்கு வருகிறேன். இது எங்கள் வீட்டுக் கதை. ஆனாலும் இதில் உள்ள படிகள் பொதுவானவை.

முதல் படி, கடன். 1973இல் அத்தை கல்யாணத்துக்குத் தாத்தா ஆண்டை வீட்டில் 600 ரூபாயும் நாலு மூட்டை நெல்லும் வாங்கினார். 'எழுதாத பேப்பர்ல கைநாட்டு வச்சிட்டு வந்தாரு' என்று ஆயா சொல்வாள். கடன் அடைகிற வரை நிலத்தை அவர்கள் வைத்துக்கொள்வது என்று வாய்ப்பேச்சு. ஒத்தி என்று தாத்தா நினைத்தார். பேப்பர் என்ன நினைத்தது என்று அவருக்குத் தெரியாது. நிபந்தனைப்படி அது ஒத்தியானாலும் செல்லாது, கிரையமானாலும் செல்லாது. செல்லாது என்று சொல்ல வேண்டியவர் கர்ணம். கர்ணம் ஆண்டையின் பங்காளி.

இரண்டாம் படி, சவுக்கு. நிலத்தில் சவுக்கு நட்டார்கள். சவுக்குக்கு ஆள் வேண்டாம். நட்டுவிட்டால் நாலைந்து வருடம் யாரும் உள்ளே போக வேலை இல்லை. உழவு நின்றதும் அடங்கலில் எங்கள் பெயர் நின்றது. நட்ட கன்றுக்கு முதல் கோடையில் தண்ணீர் சுமந்து ஊற்றியவள் ஆயாதான். தன் நிலத்திலேயே கூலி வாங்கினாள்.

மூன்றாம் படி, கணக்கு. 1979இல் தொடங்கி 1980கள் வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவேடுகளை மேம்படுத்தும் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்று வருவாய்த்துறையில் சொல்வார்கள். அனுபவத்தில் இருப்பவர் யார் என்று பார்த்துப் புதிதாகப் பட்டா எழுதினார்கள். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிந்தன. நல்லதுதான். ஆனால் பழைய பதிவேட்டிலிருந்து புதிய பதிவேட்டுக்குப் பெயர்கள் மாறியபோது எங்கள் எண்ணில் குறிப்புக் கலம் மாறவில்லை. பழைய எண்ணுக்குப் புதிய உட்பிரிவு, உட்பிரிவுக்கு ஆண்டை மகன் பெயரில் பட்டா, கடைசிக் கலம் காலி. யாரும் அடித்து எழுதவில்லை, சுரண்டி அழிக்கவில்லை. நகல் எடுக்கிறபோது எழுதாமல் விட்டார்கள். அடித்தல் இருந்தால் தடயம் இருக்கும். எழுதாமல் விட்டதற்கு எந்த நீதிமன்றத்தில் தடயம் காட்டுவது?

நான்காம் படி, கல். 1998இல் சவுக்கை வெட்டினார்கள். மெட்ராஸிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார். ஆண்டை மகன் அவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பக்கத்து நிலங்களையும் சேர்த்து மனை பிரித்தார்கள். கல் நடுகிற வேலைக்கு எங்கள் சேரியிலிருந்து ஆள் எடுத்தார்கள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. நைனாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். "கல்லுக்கு எட்டு ரூபா குடுத்தான். மண்ணு பதமா இருந்திச்சி, கடப்பாற தானா எறங்கிச்சி" என்று பிற்பாடு ஒருநாள் நைனா சொன்னார். ஏன் பதமாக இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று தலைமுறை வண்டல் கொட்டிய மண்.

5

இந்த இடத்தில், மனைப்பிரிவுக்குச் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும்.

1971இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. எந்த இடம் குடியிருப்பு, எது விவசாயம், எது தொழிற்சாலை என்று நிலத்தின் பயனை வகுப்பது, மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பது எல்லாம் இந்தச் சட்டத்தின் வேலை. சென்னைப் பெருநகரில் சி.எம்.டி.ஏ., வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககம். நல்ல நோக்கம் உள்ள விதிகள் இதில் உண்டு. சாலை இத்தனை அடி அகலம் வேண்டும். பெரிய மனைப்பிரிவு என்றால் 10 சதவீத இடத்தைப் பூங்காவுக்கு விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஆக, சொந்த நிலமே ஆனாலும் பொது நன்மைக்கு நிபந்தனை போடலாம், அதைக் கல் நடுவதற்கு முன்பே சரிபார்க்கலாம் என்பதைச் சட்டம் அறியும்.

ஆனால் பட்டா உன் பெயரில் இருக்கிறதா என்று கேட்கிற இந்த நடைமுறை, பட்டா உனக்கு எப்படி வந்தது என்று கேட்பதில்லை. கேட்கிற இடம் பத்திரப்பதிவு அலுவலகம் என்று நினைப்போம். வாங்குகிறவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். வில்லங்கம் இல்லை என்று வருகிறது. ஏன் வராது? வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். அரசு நிலம் ஒப்படைக்கிற ஆவணங்களைப் பதிவு செய்யத் தேவையில்லை என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 90ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே டி.சி. ஒப்படைப்பும் அதன் நிபந்தனையும் பதிவுத்துறையின் கண்ணுக்குத் தென்படாத இடத்தில், வருவாய்த்துறைப் பதிவேட்டின் கடைசிக் கலத்தில் மட்டுமே உயிரோடு இருந்தன. அந்தக் கலம் காலியானதும் 'கிளியர் டைட்டில்' பிறந்துவிட்டது.

சிலர் கேட்பார்கள்: ஒருவருக்குச் சொத்தைக் கொடுத்துவிட்டு விற்காதே என்று நிபந்தனை போடுவது சட்டப்படி செல்லுமா என்று. பொதுவாகச் செல்லாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு அப்படிப்பட்ட முழுத் தடையை ஏற்பதில்லை. ஆனால் அரசு கொடுக்கும் நிலத்துக்கு அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது, அதில் போட்ட நிபந்தனை போட்டபடியே செல்லும் என்று 1895ஆம் ஆண்டு அரசு மானியங்கள் சட்டம் சொன்னது. அதற்கு முன்பு கொடுத்தவற்றுக்கும் இது பொருந்தியது. ஆக நிபந்தனை செத்துப்போகவில்லை. அதைப் படிக்க வேண்டிய கண்கள்தான் மூடிக்கொண்டன.

எங்கள் சாமமேட்டு மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு அனுமதிகூட இல்லை. பஞ்சாயத்துத் தலைவர் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ஊருக்கு ஊர் அப்போது நடந்தது. அந்தக் கையெழுத்துக்கு அதிகாரம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். விளைநிலங்கள் இப்படிக் கணக்கில்லாமல் மனையானதைப் பார்த்து, 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது.

தடை வந்ததும் தமிழ்நாடு பரபரத்ததை நாம் பார்த்தோம். பதிவு நின்றது, வருமானம் நின்றது, மனை வியாபாரிகள் போராடினார்கள். ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற அங்கீகாரமற்ற மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். காலக்கெடுவையும் பலமுறை நீட்டித்தார்கள். வாங்கிய ஏழைகளுக்கு அது தேவை என்பதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. சட்டத்தை மீறிய மனைக்கு 8 மாதத்தில் வழி கண்டுபிடிக்கத் தெரிந்த அரசுக்கு, சட்டப்படி கொடுத்த நிலத்துக்கு 130 ஆண்டாக ஏன் வழி தெரியவில்லை? விதியை உடைத்தவனுக்கு வரன்முறை, விதிப்படி நின்றவனுக்கு விசாரணை. இதற்குப் பெயர் நில நிர்வாகம்.

6

1994இல் காரணை. செங்கல்பட்டு மாவட்டத்துப் பஞ்சமி நிலப் போராட்டம் என்றால் அந்தப் பெயர்தான் முதலில் நிற்கும். பறிபோன பஞ்சமி நிலத்தில் மக்கள் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்து அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்ட கூட்டத்தின்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் விழுந்தார்கள். எனக்கு அப்போது 4 வயது. நைனா அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் கழித்து வந்ததும், ஆயா வாசலிலேயே உட்கார்ந்திருந்ததும் மட்டும் மங்கலாக நினைவிருக்கிறது. பஞ்சமி என்கிற சொல் வருவாய்த்துறைக் கட்டுகளிலிருந்து எழுந்து தெருவுக்கு வந்தது அந்த இரத்தத்துக்குப் பிறகுதான். உழுபவனுக்கு நிலம் என்று பேசிய கட்சிகளும், 1961இலும் 1970இலும் நில உச்சவரம்பு பற்றிப் பேசிய சட்டமன்றமும், ஏற்கெனவே சட்டப்படி நமக்கு எழுதிய நிலம் எங்கே என்று அதற்கு முன் உரக்கக் கேட்டதில்லை.

அண்டை மாநிலங்களைப் பாருங்கள். ஆந்திரம் 1977இல் ஒப்படைப்பு நிலங்களைக் கைமாற்றுவதைத் தடுக்கத் தனிச்சட்டம் செய்தது. கர்நாடகம் 1978இல் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் கொடுத்த நிலங்களுக்குத் தனிச்சட்டம் செய்தது. 1984இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2017இல் ஒரு வழக்கில், நீண்ட காலம் கழித்து வந்து நிலம் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, கர்நாடகம் 2023இல் தன் சட்டத்தைத் திருத்தி, நிலத்தை மீட்கக் கேட்பதற்குக் காலவரம்பு இல்லை என்று எழுதிக்கொண்டது. சமூகநீதி மண் என்று சொல்லப்படுகிற நம் மாநிலத்தில் பஞ்சமி நிலத்துக்கு அப்படியொரு தனிச்சட்டம் இல்லை. நிலையாணை 15ஐக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சேரியும் தனித்தனியாக வாதாட வேண்டியிருக்கிறது.

தாமதம் என்கிற வார்த்தையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மிராசுதாருக்குக் காலம் உரிமையைக் கொடுத்தது. எவ்வளவு பழையதோ அவ்வளவு பலம். நமக்குக் காலம் உரிமையைக் கெடுக்கிறது. எவ்வளவு பழையதோ அவ்வளவு பலவீனம். காலமும் சாதி பார்க்கிறது. காலவரம்பை விலக்கச் சட்டத்துக்குத் தெரியாதா? தெரியும். 2016ஆம் ஆண்டு மத்திய ரியல் எஸ்டேட் சட்டத்தின் 18ஆம் பிரிவைப் படியுங்கள். மனை விற்ற நிறுவனத்தின் நில உரிமையில் குறை இருந்து வாங்கியவருக்கு நட்டம் ஏற்பட்டால், இழப்பீடு கேட்பதற்குக் காலவரம்பு தடையில்லை என்று எழுதியிருக்கிறது. மனை வாங்கியவருக்கு எழுதத் தெரிந்த அந்த ஒரு வரியை மண்ணை இழந்தவருக்கு எழுதக் கை வரவில்லை.

7

சில ஆண்டுகளுக்கு முன் சித்தப்பாவும் நானும் அலுவலகத்துக்குப் போனோம். பழைய பதிவேட்டின் நகல் கேட்டோம். இருக்கையில் இருந்தவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். "டி.சி.ன்னு எதுவும் இல்லியேப்பா. ரெக்கார்டு சுத்தமா இருக்கு." கணினியில் இருப்பது புதியது, எங்களுக்கு யு.டி.ஆருக்கு முந்தையது வேண்டும் என்றேன். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டோம். 'ஆவணங்கள் சிதிலமடைந்துள்ளன' என்று ஒருவரிப் பதில் வந்தது. மேல்முறையீடு போட்டோம். அதில்தான் நிற்கிறது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். சித்தப்பா மகன் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அவன் 2014இல் சீட்டுப் பணம் எடுத்து, பொண்டாட்டி நகையை வைத்து, சாமமேட்டில் 600 சதுர அடி மனை வாங்கினான். 2018இல் வரன்முறைக் கட்டணமும் கட்டினான். தாத்தா இழந்த 2 ஏக்கர் 40 செண்டில் ஒன்றரைச் செண்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பேரன் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். நிலத்தை மீட்கிறோம் என்று நான் பேசினால் அவன் என்னைப் பார்க்கிறான். "இன்னாண்ண, என் ஊட்டையும் சேத்து மீப்பியா?" என்று ஒருநாள் கேட்டே விட்டான்.

அவன் கேள்வி நியாயமானது. மனைப்பிரிவு என்பது வெறும் நில வியாபாரம் அல்ல. ஒரு குற்றத்தை 200 துண்டாக வெட்டி, அதில் பாதியை ஏழைகளுக்கு விற்றுவிடுகிற ஏற்பாடு. அதற்குப் பிறகு நிலம் கேட்கிற சேரிக்காரனுக்கு எதிரே ஆண்டை நிற்பதில்லை, ஜீப்பில் வந்தவர் நிற்பதில்லை. தவணை கட்டி வீடு கட்டிய ஆட்டோக்காரரும் நர்ஸும் என் தம்பியும் நிற்கிறார்கள். லாபம் எடுத்தவர்கள் கதையிலிருந்தே வெளியேறிவிட்டார்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். குடியிருக்கிற ஏழையின் வீட்டில் கை வைக்க வேண்டியதில்லை. முதலில் காலி மனைகள், விற்காத மனைகள், விலை ஏறட்டும் என்று கம்பி வேலி போட்ட மனைகள். அவை ஒப்படைப்பு பெற்றவர்களின் வாரிசுகளுக்கும் நிலமற்ற சேரி மக்களுக்கும் திரும்ப வேண்டும். வீடாகிவிட்ட அளவுக்கு ஈடான நிலத்தையும் பணத்தையும், விற்றுச் சம்பாதித்தவர்களிடமிருந்து அரசு வாங்கித்தர வேண்டும். பட்டியல் சாதியினருக்கு ஒப்படைத்த நிலத்தை அபகரிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம் என்பதை மறக்கக்கூடாது.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டை ஊர் ஊராக வெளியிட வேண்டும். எந்த மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டாலும், எந்த மனையை வரன்முறை செய்தாலும், பட்டாவோடு அந்தப் பழைய பக்கத்தையும் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வேண்டும். ஒரு பக்கம், ஒரு கலம். பத்து சதவீதப் பூங்காவைச் சரிபார்க்கிற கண்ணுக்கு இது முடியாத காரியம் அல்ல. இதை அரசு செய்யும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. படித்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் ஊர்க் கிழவிகளிடம் உட்கார்ந்து நிலங்களின் பழைய பெயரை எழுதுங்கள். யார் உழுதது, எந்த வருடம் போனது, யார் வாங்கியது, எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு அந்தப் பெயருக்குச் சர்வே எண்ணைத் தேடுங்கள். ஆவணத்தைச் செல் தின்றதாகச் சொல்லட்டும். கிழவிகள் இருக்கிறவரை சாமமேடு சாமமேடுதான்.

ஆயா போன வருடம் செத்துப்போனாள். சாகிற வரைக்கும் மனு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதை நான் அவள் இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி, அடியில் அவள் கைநாட்டை வாங்கி வைத்திருக்கிறேன். தாத்தா வைத்தது எழுதாத தாளில். ஆயா வைத்தது எழுதிய தாளில், படித்துக் காட்டச் சொல்லி, இரண்டு தடவை கேட்ட பிறகு. மேல்முறையீட்டோடு அதன் நகலையும் இணைத்திருக்கிறேன்.